கட்டாத வளர்ப்பு நாய்களும் நடந்து செல்வோரும்

அரியலூர் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள கல்லங்குறிச்சி, கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் அறியப்பட்ட ஊர். பங்குனியில் இராமநவமியை ஒட்டி நடக்கும் திருவிழாவுக்கும் புரட்டாசிச் சனிக்கிழமைகளுக்கும் சுற்றுவட்டார மக்கள் திரளாக வருவர். அவர்களில் ஒரு பகுதியினர் நடந்தே வருவர். வெயில் ஏறுமுன் சேர்ந்துவிட வேண்டும் என்பதால் இருட்டிலேயே கிளம்புவார்கள். வழியில் ஒவ்வோர் ஊரைக் கடக்கும்போதும் ஏதாவது ஒரு வாசலிலிருந்து ஒரு நாய் எழுந்து குரைத்துக்கொண்டு வரும்.

அந்த நாய் பெரும்பாலும் தெருநாய் அன்று. அதற்குப் பெயர் உண்டு, சோறு வைக்கும் வீடு உண்டு, அதட்டினால் திரும்பிப் பார்க்கும் ஆள் உண்டு. கழுத்தில் கயிறு மட்டும் இல்லை. கோயிலுக்கு நடப்பவர், காலையில் நடைப்பயிற்சி செய்பவர், பால் சொசைட்டிக்குத் தூக்குவாளியுடன் போகிறவர், பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் மாணவர் என எல்லோரும் எதிர்கொள்ளும் நாய் இதுதான். ஆனால் நாய்களைப் பற்றிய பொது விவாதம் தெருநாய்களைப் பற்றியும், நகரத்து விலையுயர்ந்த இனங்களைப் பற்றியுமே நடக்கிறது. இடையில் நிற்கும் இந்தக் கட்டாத வீட்டு நாயை எப்படிக் கையாள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஏன் கட்டுவதில்லை

கிராமத்தில் நாய் வளர்ப்பதன் நோக்கம் வேறு. ஆட்டுப்பட்டிக்குக் காவல், மோட்டார் கொட்டகைக்குக் காவல், களத்தில் காயும் தானியத்துக்குக் காவல். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய பெயர்பெற்ற தமிழக இனங்களே வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவைதாம். பெயரில்லாத நாட்டு நாய்க்கும் அதே வேலைதான். அந்நியரைக் கண்டு குரைக்காத நாயை வீட்டுக்காரர் வைத்துக்கொள்ள மாட்டார். எனவே நம்மைக் கண்டு அது குரைப்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அது தன் வேலையைச் செய்கிறது. வேலி இல்லாத வீட்டில் தன் எல்லை எங்கே முடிகிறது என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதே சிக்கல். வீட்டு வாசலும் பொதுச்சாலையும் அதற்கு ஒரே இடம்.

பல வீடுகளில் பகலில் கட்டிவைத்து இரவில் அவிழ்த்துவிடும் வழக்கம் உண்டு. வீட்டார் எழுந்து மறுபடி கட்டுவதற்கு முன், விடியற்காலை நான்கு முதல் ஆறு மணி வரையில் சாலையில் நடப்பவர்தான் அதனிடம் மாட்டிக்கொள்கிறார். அதே நாயைப் பகல் பத்து மணிக்குப் பார்த்தால் திண்ணை ஓரத்தில் சுருண்டு கிடக்கும். நேரத்தை அரைமணி தள்ளிவைத்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடுவதை நடைப்பயிற்சி செய்வோர் பலர் அனுபவத்தில் அறிவர்.

பருவமும் கவனிக்கத்தக்கது. இந்தியாவில் கட்டின்றித் திரியும் நாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தின் பிற்பகுதியில் இணைசேர்கின்றன. குட்டிகள் அதிகமாகப் பிறப்பது அதற்கடுத்த குளிர்மாதங்களில். புரட்டாசியில் ஒரு பெட்டையைச் சுற்றி ஐந்தாறு கடுவன்கள் திரியும். தனியாக வந்தால் அஞ்சி ஒதுங்கும் நாய், அந்தக் கூட்டத்தில் இருக்கும்போது ஒதுங்காது. கார்த்திகை, மார்கழியில் குட்டி ஈன்ற தாய் எந்த வைக்கோற்போரின் அடியில் இருக்கிறது என்பது வழிப்போக்கருக்குத் தெரியாது. அது எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் குட்டிக்கு அருகே போகிறவரைக் கடிக்கும்.

“ஒண்ணும் செய்யாது”

நாய் பாய்ந்து வரும்போது திண்ணையிலிருந்து ஒரு குரல் கேட்கும்: “ஒண்ணும் செய்யாது, நீங்க பாட்டுக்குப் போங்க.” தமிழ்நாட்டில் நடந்து செல்லும் எவரும் இந்தச் சொல்லைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தவரையில் அது எதுவும் செய்ததில்லை. ஆனால் அவர் பார்த்தது தம் வீட்டுக்குள், தம் பிள்ளைகளுடன் இருக்கும் நாயை. இருட்டில், தன் எல்லைக்குள் தடியூன்றி வரும் முன்பின் அறியாத ஒருவரைப் பார்க்கும் நாயை அவர் பார்த்ததில்லை. கடிப்பதற்கு முந்தைய நாள் வரை எந்த நாயும் கடிக்காத நாய்தான்.

இதற்கு ஏற்ற மறுமொழி சண்டை அன்று. “செய்யாதுங்கண்ணே, ஆனா எனக்குப் பயமா இருக்கு, கொஞ்சம் பிடிச்சுக்குங்க” என்று நின்ற இடத்திலேயே நின்று கேட்பது பெரும்பாலும் பலன் தரும். நாயைக் குறை சொன்னால் வீட்டுக்காரர் நாயின் பக்கம் நிற்பார்; நம் பயத்தைச் சொன்னால் எழுந்து வருவார். அவர் நாயைப் பிடிக்கும்வரை நடக்கக்கூடாது. நாள்தோறும் போகும் வழியென்றால், நாய் இல்லாத வேளையில் அந்த வீட்டில் போய் இரண்டு கேள்விகள் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது: நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி எப்போது போட்டீர்கள்? காலையில் எத்தனை மணிக்குக் கட்டுவீர்கள்? முதல் கேள்விக்கான விடை, பின்னால் ஒரு நாள் உயிர் சம்பந்தப்பட்டதாக ஆகலாம்.

நாயின் உடல் சொல்வது

குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பி நடக்க வேண்டாம். குரைத்துவிட்டுக் கடிக்கும் நாய்கள் ஏராளம். வாலாட்டினால் நட்பு என்பதும் பாதி உண்மைதான். உடல் தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து வால் அகலமாக ஆடினால் நட்பு. வால் உயர்ந்து விறைத்து, நுனி மட்டும் வேகமாக அசைந்தால் அது பதற்றம். கண்ணை இமைக்காமல் ஒரே இடத்தில் உறைந்து நிற்பது, முதுகு மயிர் சிலிர்ப்பது, உதடு சுருங்கிப் பல் தெரிவது, தாழ்ந்த குரலில் உறுமுவது ஆகியவை எச்சரிக்கைகள். திடீரென்று கொட்டாவி விடுவதும், எதுவும் தின்னாமல் உதட்டை நக்குவதும் அது மிரண்டிருப்பதைக் காட்டும். மிரண்ட நாய்க்கு ஓட வழி இல்லாவிட்டால் கடிக்கும். எனவே சுவருக்கும் நமக்கும் இடையில் அதைச் சிக்கவைக்கக் கூடாது.

நாய் வரும்போது ஓடாதிருப்பதே முதல் விதி. ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. எந்த மனிதரும் நாயைவிட வேகமாக ஓட முடியாது. நின்று, உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, கைகளை உடலோடு ஒட்டி வைத்து, அதன் கண்ணை நேராக முறைக்காமல் ஓரக்கண்ணால் கவனிக்க வேண்டும். கூச்சலிடாமல் கனத்த குரலில் “போ” என்று ஒருமுறை சொல்லலாம். அதன் வேகம் குறைந்ததும் முதுகைக் காட்டாமல் ஓரிரு அடியாகப் பின்வாங்கி, அதன் வீட்டு எல்லையைக் கடந்துவிட வேண்டும். எல்லை கடந்ததும் பெரும்பாலான வீட்டு நாய்கள் கடமை முடிந்தது என்று திரும்பிவிடும். கைப்பை, குடை, துண்டு எது கையில் இருந்தாலும் அதை நமக்கும் நாய்க்கும் நடுவில் பிடிக்கலாம். பாய்ந்தால் அதைக் கடிக்கட்டும். மிதிவண்டியில் போகிறவர் இறங்கி, வண்டியை நடுவில் நிறுத்தித் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். கீழே விழ நேர்ந்தால் குப்புறச் சுருண்டு, விரல்களை மடக்கி, கைகளால் பிடரியையும் காதுகளையும் மூடிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். சிறுவர்களுக்கு இதைச் சொல்லித்தருவது இன்னும் முக்கியம். அவர்களின் முகமும் கழுத்தும் நாயின் வாய்க்கு எட்டும் உயரத்தில் இருப்பவை.

கல் எடுப்பதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கல்லடி பட்டு வளர்ந்த தெருநாய், நாம் குனிந்தாலே ஓடிவிடும். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த உத்தி அது. கல்லடியே பட்டறியாத செல்ல நாய்க்குக் குனிவதன் பொருள் தெரியாது. குனிந்த நம் முகம் அதன் வாய்க்கு நேராக வந்ததுதான் மிச்சம். உண்மையிலேயே கல்லை எறிந்தால் அன்றைக்கு ஓடும். மறுநாள் முதல் நடந்து வரும் எல்லோரையும் பகைவராகப் பார்க்கும். நமக்குப் பின்னால் வரும் பள்ளிப்பிள்ளை அதன் பலனை அனுபவிக்கும். பிஸ்கட் போட்டுப் பழக்குவோரும் உண்டு. ஒரே வழியில் தினமும் போகிறவருக்கு அது உதவும். ஆனால் பழகிய நாய் பிஸ்கட்டுக்காகப் பிறர்மேலும் தாவத் தொடங்கும் என்பதால், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்வதே முறை.

அரியலூர்ப் பகுதிச் சாலைகளுக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. இது சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்த வட்டாரம். கல்லேற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. நாய்க்கு அஞ்சிச் சாலையின் நடுப்பகுதிக்குத் தாவுகிறவரை லாரி ஓட்டுநர் எதிர்பார்த்திருக்க மாட்டார். இருசக்கர வாகனத்தில் போகும்போது நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டிக் கால்களைத் தூக்குவது வழக்கம். பலர் விழுவது அப்போதுதான். வேகத்தைக் குறைத்தால் துரத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் நாய் நின்றுவிடுவதே அதிகம். நடப்பவர் வண்டிகளை எதிர்நோக்கிச் சாலையின் வலப்பக்கம் நடந்தால், ஒதுங்க வேண்டிய நேரத்தில் எதிரே என்ன வருகிறது என்றாவது தெரியும்.

கடித்துவிட்டால்

தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. அவ்வாண்டில் வெறிநோயால் 43 பேர் இறந்தனர். இரண்டாவது எண் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இல்லை. அதேநேரம், உரிய நேரத்தில் முழுச் சிகிச்சை பெற்றால் நோய் வராமல் தடுத்துவிடலாம். அந்த 43 இறப்புகளும் இருந்திருக்க வேண்டாதவை.

கடித்த உடனே, வேறெதையும் செய்வதற்கு முன், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். வழியில் இருக்கும் எந்த வீட்டுக் குழாயும், வயல் மோட்டார்த் தண்ணீரும் இதற்குப் போதும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்ப்பொடி, எண்ணெய் எதையும் வைக்கக்கூடாது. பிறகு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று ஊசி போடுவர். இரத்தம் வந்த காயமென்றால் தடுப்பூசி மட்டும் போதாது. வெறிநோய் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினைக் காயத்தைச் சுற்றிச் செலுத்த வேண்டும். இதைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. பல் படாமல் நகம் கீறி இருந்தாலும், புண்ணான தோலை நாய் நக்கியிருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற அச்சம் இன்னும் கிராமங்களில் இருக்கிறது. அது ஆட்டு மூளைத் திசுவிலிருந்து செய்த பழைய மருந்தின் காலத்தது. 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிறுவனம் அத்தகைய மருந்தைப் பல பத்தாண்டுகள் தயாரித்தது. இந்தியாவில் அம்முறை 2004ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டது. இன்றைய ஊசி கையில் போடப்படுவது; கொசுக்கடி அளவுதான் வலி.

கடித்தது வீட்டு நாய் என்றால் ஒரு நன்மை உண்டு: அதைக் கண்காணிக்க முடியும். வெறிநோய் உள்ள நாயின் உமிழ்நீரில் கிருமி வெளிப்படத் தொடங்கினால், அது சில நாட்களில் நோய்வாய்ப்பட்டு இறந்துவிடும். கடித்த நாய் 10 நாள் நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதனிடமிருந்து நோய் தொற்றியிருக்க வாய்ப்பில்லை என்று கொள்ளலாம்; அப்போது மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் 10 நாள் பார்த்துவிட்டு முதல் ஊசியைப் போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஊசியும் கண்காணிப்பும் ஒரே நாளில் தொடங்க வேண்டும்.

ஊர்களில் இந்த இடத்தில்தான் பெரும் தவறு நடக்கிறது. கடித்த நாயை ஆத்திரத்தில் அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். அல்லது வழக்கு வரும் என்று பயந்து வீட்டுக்காரரே எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுகிறார். இரண்டுமே கடிபட்டவருக்குச் செய்யும் கேடு. உயிரோடு, கண்ணெதிரே கட்டிவைக்கப்பட்ட நாய்தான் அவருக்கு வேண்டிய சான்று. வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதற்கும் காரணம் இதுதான். வாய்த்தகராறைப் 11ஆம் நாளுக்குத் தள்ளிவைக்கலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது

தம் பொறுப்பில் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேராமல் காக்கத் தவறுவது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு இதற்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவும் இதையே சொன்னது. அபராதம் மட்டும் அப்போது 1,000 ரூபாய். நாய் கடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இப்பிரிவில் இல்லை. ஆனால் கடிக்கு முன் யாரும் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. போனாலும் பேசி அனுப்பிவைப்பதே வழக்கம். பிரிட்டனின் 1991ஆம் ஆண்டு ஆபத்தான நாய்கள் சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: கட்டுக்கடங்காத நாய் தம்மைக் காயப்படுத்தும் என்று ஒருவர் நியாயமாக அஞ்சினாலே உரிமையாளர் பொறுப்பாவார். பொது இடத்தில் நாயைக் கயிற்றோடு மட்டுமே அழைத்துச் செல்ல வேண்டும் என்பது சிங்கப்பூரில் நடைமுறை.

2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வளர்ப்பு நாய், தெருநாய் எனப் பிரித்து, முன்னதன் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் உரிமையாளரையும், பின்னதற்கு உள்ளாட்சி அமைப்பையும் பொறுப்பாக்குகின்றன. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22 அன்று, கருத்தடையும் தடுப்பூசியும் செய்த தெருநாய்களை, வெறிநோயோ மூர்க்க குணமோ உள்ளவற்றைத் தவிர, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று கூறியது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து அவற்றை அகற்றச் சொன்னது. இவையெல்லாம் தெருநாய் பற்றியவை. சோறு தின்னும்போது வளர்ப்பு நாயாகவும், யாரையாவது கடித்தபின் “அது நம்ம நாய் இல்லைங்க, சும்மா இங்க சுத்தும்” என்று தெருநாயாகவும் மாறிவிடும் நாயைச் சட்டம் எந்தப் பக்கம் வைக்கும்? கிராமத்தில் உரிமமும் அடையாளச் சில்லும் பரவாதவரை இக்கேள்விக்கு அண்டை வீட்டாரின் சாட்சியம்தான் விடை.

சென்னையில் நிலைமை சற்று நகர்ந்திருக்கிறது. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின; உரிமையாளர் கைது செய்யப்பட்டார். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் கடித்து ஒருவர் இறந்தார். இவற்றின் தொடர்ச்சியாக உரிமம், அடையாளச் சில்லு, பொது இடத்தில் கயிறு, வாய்ப்பூட்டு ஆகியவற்றை மாநகராட்சி கண்டிப்பாக்கியது. உரிமம் இல்லாத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதமும் அறிவித்தது. அந்த இரு நிகழ்விலும் நாய்க்கு உரிமையாளர் இருந்தார் என்பது கவனிக்க வேண்டியது.

நாய் வளர்ப்பவர் பக்கம்

கட்டாத நாய்க்கு மாற்று, நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாய் அன்று. எப்போதும் கட்டியே வைத்து, நடமாட விடாமல் இருப்பதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வதையாகக் கருதுகிறது. 11ஆம் பிரிவில் இது தனியாகவே குறிக்கப்பட்டுள்ளது. அப்படிக் கிடந்த நாய் ஒருநாள் அறுத்துக்கொண்டு வெளியே வந்தால் முன்னிலும் மோசமாகவே நடந்துகொள்ளும். முள்வேலியோ, மூங்கில் படலோ, ஓர் ஆள் உயரத் தகரமோ கொண்டு வாசலை அடைத்தால் நாய்க்கும் அவிழ்ந்திருக்க இடம் கிடைக்கும்; சாலையில் நடப்பவருக்கும் நிம்மதி. வாசலை அடைக்க வழியில்லாதவர், ஊரார் நடக்கத் தொடங்குமுன் எழுந்து கட்டலாம். இராமநவமி, புரட்டாசிச் சனி போன்று புதுமுகங்கள் கூட்டமாகக் கடக்கும் நாட்களில் முந்தின இரவே கட்டிவிடுவது நாய்க்கும் நல்லது.

தடுப்பூசியை மூன்று மாதக் குட்டியில் தொடங்கி, மருத்துவர் சொல்லும்படி அடுத்த தவணையும், பிறகு ஆண்டுதோறும் ஒன்றும் போட வேண்டும். ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் அங்கே வெறிநோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட கணக்கு. தொடர்ச்சியான நாய்த் தடுப்பூசி இயக்கத்தால் கோவா 2021இல் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் முதன்முதலில் ஒரு சிறுவனுக்குத் தம் மருந்தைச் செலுத்தினார். 1895 செப்டம்பர் 28 அன்று காலமானார். முதல் நாள் விலங்குவழி நோய்கள் தினம், இரண்டாவது உலக வெறிநோய் தினம். இந்நாட்களை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடத்துவது தமிழ்நாட்டில் வழக்கம். செப்டம்பர் 28 எப்போதும் புரட்டாசி மாதத்தில்தான் வரும். அட்டையில் தேதி எழுதி, கால்நடை மருத்துவரின் கையெழுத்து வாங்கி, வீட்டு நிலைக்கு மேலே செருகி வைத்துக்கொண்டால், வாசலில் நின்று யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்.